பூட்டிய வீடும் நாற்பது கையெழுத்தும்: செட்டிநாட்டுத் தெரு ஒன்றின் வீட்டு உரிமையாளர் சங்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை ஓயாமல் பெய்த ஒரு வாரத்தில், எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் பக்கச்சுவர் இடிந்து, அடுத்த வீட்டுச் சந்துக்குள் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. சுவரை மறுபடி எழுப்பும் வேலை சில மாதங்களில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வேலையைத் தொடங்க யார் யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை வாங்கி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடத்தில் எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் தெரிந்துகொண்டதையும், வரும் தை மாதப் பொதுக்குழுவுக்கு வரவிருக்கும் தீர்மானங்களையும் சங்கத்தின் செயற்குழுவில் இருப்பவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். பங்காளிகளுக்குள் பேச்சு இன்னும் முழுதாக முடியாததால் ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் ஒரு தெரு நிலைப்பதற்குப் பணமும் நல்ல கொத்தனாரும் வேண்டும், சரி. அதற்கும் முன்னால், ஒவ்வொரு பூட்டிய வீட்டையும் திறக்கவும் பழுதுக்குக் கையெழுத்துப் போடவும் உரிமையுள்ள ஒருவர் வேண்டும். அவர் இல்லாத வீட்டுக்குப் பணம் இருந்தும் பயனில்லை.

தெருவும் சங்கமும்

செட்டிநாடு என்றால் 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபத்துச் சொச்சம் ஊர்களைச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் அவற்றில் ஒன்று, இப்போது பேரூராட்சி. தெருவில் இருபதுக்குச் சற்று அதிகமான பெரிய வீடுகள். எல்லாமே 1940களுக்கு முன்னால், பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திச் சம்பாதித்த பணத்தில் கட்டியவை. 1942ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. சுதந்திரம் வந்ததும் 1948ல் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1960களில் கடைகளும் வங்கிகளும் போயின. அதற்குப் பிறகு இந்த அளவில் வீடு கட்ட யாருக்கும் முடியவில்லை. பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். இன்று ஆண்டு முழுவதும் அடுப்பெரிவது பாதிக்கும் குறைவான வீடுகளில்தான்.

வீட்டின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே நடந்தது விளங்காது. ஒவ்வொரு மனையும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு இந்தத் தெருவில், பின்கட்டு அந்தத் தெருவில். முகப்பைக் கடந்தால் வளவு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அந்த அறையைத்தான் இங்கே அந்த மகனின் வீடு என்போம். முகப்பும் வளவும் கிணறும் பொது. அறைக்கு மட்டும் தனிப்பூட்டு. அப்பா காலமான பிறகு அந்தப் பூட்டும் சாவியும் மகன்களுக்குப் போகும், பிறகு பேரன்களுக்கு.

சங்கம் தொடங்கியது மிகச் சாதாரணமான காரணங்களுக்காக. தெருவிளக்கு, குப்பை, பூட்டிய வீட்டுக் கதவுகளில் கைவரிசை காட்டும் திருடர்கள். பிறகு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தோம். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று விதி எழுதினோம். அந்த ஒரு வாக்கை வீட்டில் யார் போடுவது என்று எழுதவில்லை. ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் ஒரே பங்கு உள்ள வீட்டுக்காரர்கள் என்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

சுவர் ஏன் விழுந்தது

செட்டிநாட்டில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள்ளேதான் நடக்கும். ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் போகும் கல் வாய்க்கால் வழியாக அடுத்த கட்டுக்கும் பின்தெரு வடிகாலுக்கும் போய், கடைசியில் ஊருணியில் சேரும். மழை நாளில் முற்றத்தில் அண்டாவை வைத்துக் குடிக்கப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சமெல்லாம் ஊருக்கு. வற்றாத ஆறில்லாத, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற இந்த மண்ணில் அவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு அது. ஒரே ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள் ஆள் இருந்து முற்றத்து வாய்க்காலின் வாயைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். பூட்டிய வீட்டில் தண்ணீர் நின்றால் பாதிக்கப்படுவது அடுத்த வீடும் சேர்த்துத்தான்.

விழுந்த சுவரை ஒரு பழைய கொத்தனாரையும் கட்டடப் பொறியாளர் ஒருவரையும் கூட்டிவந்து பார்த்தோம். நாலு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. முற்றத்து வாய்க்காலின் வாயைப் புறாக் கூட்டுக் குப்பையும் அரச இலையும் அடைத்திருந்தன. ஓர் அறைக்கு மேலே நாட்டு ஓடு சரிந்து, மழை நேராகச் சுவரின் தலையில் இறங்கியிருந்தது. பின்தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் ஒவ்வொரு தடவையும் மேலேயே போட்டுப் போட்டு, வீட்டு வாய்க்காலின் வாய் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால், வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே திரும்பியது.

நாலாவது காரணத்தைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்கிறேன். அடுத்த வீட்டுக்காரர்கள் பல வருடங்களுக்கு முன்பு, சுவர் ஓதம் காக்கிறது என்று தங்கள் பக்கத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், எல்லா ஊரிலும் நடப்பதுதான். செங்கலும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் உள்ளே போகும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுண்ணாம்புச் சாந்து பொடியாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே நனைந்துகொண்டே இருக்கும். பழைய சுவரில் ஓதம் கண்டால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள்.

அடுத்த வீட்டு ஆச்சி எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். சுவர் விழுவதற்கு முன்பே அவர் செயலாளரிடம் சொல்லியிருந்தார். விழுந்த அன்று அவர் சொன்னது எனக்கு மறக்காது. “தம்பி, போன கார்த்திகையிலயே சொன்னேனே. சுவத்துல கை வச்சா ஈரம் ஒட்டுது. பூட்டை உடைச்சுப் பாக்கலாம்னா, நாளைக்கு என் மேலதான கேஸ் போடுவாக?”

“பூட்டை உடைக்க வேண்டாம் ஆச்சி. சாவிக்கு உரியவகளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டியாறேன்” என்றார் செயலாளர். அந்தத் தேடல்தான் ஒரு வருடம் ஆனது.

நாற்பது பேர்

வீட்டு வரி ரசீது, கட்டிய பெரியவரின் பெயரிலேயே இன்னும் இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு தலைமுறைக்கு மேல். வரி ரசீது உரிமைக்குச் சான்று ஆகாது என்பது ஒரு பக்கம். தபால் போட ஒரு முகவரியாகக்கூட அது உதவவில்லை. பெரியவருக்கு மூன்று மகன்கள். மூன்று கிளையும் விரிந்து, இன்று பங்குக்கு உரியவர்கள் நாற்பதைத் தாண்டுகிறார்கள். வெளிக்கதவின் சாவி ஒரு கிளையில் இருந்தது. ஓடு சரிந்திருந்த அறையின் சாவி இன்னொரு கிளையில். வெளிக்கதவைத் திறந்து வளவு வரைக்கும் போன பிறகும் அந்த அறைக்குள் போக முடியவில்லை.

முகவரிகளைத் தேட எங்களுக்கு முதலில் கைகொடுத்தது கோயில் புள்ளிக் கணக்கு. நகரத்தார்களில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று கோயில் வரி வசூலிப்பதால், எந்தக் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது என்று அங்கே தெரியும். அரசாங்கக் காகிதங்களில் கிடைக்காத மலேசிய முகவரி ஒன்று அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கு ஆண்வழியாகப் போவது. கல்யாணமாகிப் போன பெண்கள் கணவர் வீட்டுப் புள்ளியில் இருப்பார்கள், பிறந்த வீட்டுக் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

சட்டம் அப்படியில்லை. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அன்றைக்குத் திருமணமாகாத பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பங்கு வந்தது. 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான பெண்களுக்கும் அதை விரித்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, 2005ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020ல் தெளிவாக்கியது. முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் கதை வேறு. எங்கள் தெருவில் பல வீடுகளில் பாகம் பிரித்ததே இல்லை. “சீர் எல்லாம் செஞ்சுதானே அனுப்பினோம்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மனத்தை நோகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பெண்களை விட்டுவிட்டு வாங்கும் சம்மதக் கடிதம் நாளைக்குச் செல்லாமல் போகலாம். அதைவிட, அது நியாயமும் இல்லை. தேவகோட்டையில் இருக்கும் ஒரு ஆச்சியிடம் போனபோது, “எனக்குக் காது குத்துனது அந்த வளவுலதான். இத்தனை வருஷத்துல அந்த வீட்டைப் பத்தி என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை” என்றார். முதல் கையெழுத்து அவருடையது.

மற்றவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பது மெல்லத்தான் புரிந்தது. செலவுக்குப் பயந்து என்று முதலில் நினைத்தோம். அப்படியில்லை. பொது அதிகாரப் பத்திரம் ஒன்றைத் தயாரித்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தோம். அதில் வழக்கமாக எழுதுகிற மாதிரி விற்க, அடமானம் வைக்க, வாடகைக்கு விட என்று எல்லா அதிகாரமும் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர் அதைப் படித்தால் பயப்படாமல் என்ன செய்வார்? சுவர் விழுந்த சேதி பரவியதும் தூண், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை பேச ஆட்கள் வேறு வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் பிரித்துத் தேக்கை ஏற்றிப்போனதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

எனவே பத்திரத்தைச் சுருக்கி எழுதினோம். பழுது பார்க்க மட்டும் அதிகாரம். ஓடு மாற்றலாம், வாய்க்கால் சுத்தம் செய்யலாம், விழுந்த சுவரைப் பழைய அளவில் கட்டலாம், குறித்த தொகைக்குள் செலவு செய்யலாம். விற்பனை, பாகம், வாடகை, மரச்சாமான்களை எடுப்பது எதுவும் கிடையாது. காலக்கெடு மூன்று வருடம். இந்தக் காகிதம் போன பிறகு கையெழுத்துகள் மளமளவென்று வந்தன. இந்த ஆய்வில் மற்ற தெருக்காரர்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அதிகாரத்தைக் குறுக்கிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பத்திரங்களில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மட்டும் போதாது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தாள் வரி கட்டி முடிக்க வேண்டும் என்று 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் சொல்கிறது. வந்த உறையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த திருவிழாவுக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு கிளையில் இரண்டு குடும்பத்தினர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் அறையையும் அதன் மேல் ஓட்டையும் தொடாமல் மற்ற வேலை நடந்தது. விழுந்த செங்கலையே பொறுக்கியெடுத்து, நீற்றி அரைத்த சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்துக் கட்டினார்கள். ஆச்சி வீட்டுப் பக்கம் இருந்த பழைய சிமெண்ட் பூச்சு முழுவதையும் உரித்தாயிற்று. மேல் பூச்சுக்கு அவசரப்படாமல் சுவர் காயும்வரை விட்டோம். கையெழுத்துப் போடாதவர்களின் அறைக்கு மேலே இப்போது தார்ப்பாய் கட்டியிருக்கிறது. அடுத்த மழைக்கு அது தாங்குமா என்ற கவலை எனக்கு இருக்கிறது.

சங்கத்தால் முடியாதது

சுவர் விவகாரத்தின் நடுவில், “வீட்டை இடிக்கவே கூடாதுன்னு சங்கம் ஒரு தீர்மானம் போட்டா என்ன?” என்று பலர் கேட்டார்கள். சங்க விதி உறுப்பினர்களை மட்டும்தான் கட்டும், ஒருவரின் சொத்துரிமைக்கு மேலே ஏற முடியாது. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் சில யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பெருமைதான், ஆனால் அந்தப் பட்டியல் தனியார் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் தருவதில்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையம் அமைக்க மாநிலம் 2012ல் சட்டம் இயற்றியிருக்கிறது. எங்கள் தெரு அதற்காகக் காத்திருக்க முடியாது.

பங்காளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இருக்கிறது. பாகம் பிரியாத குடும்ப வீட்டில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், மற்ற பங்காளிகள் நீதிமன்றம் குறிக்கும் விலையில் அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதன் 4ஆம் பிரிவு. இதை அறியாமல் ஒரு பங்கு போனதும் மனம் விட்டு முழு வீட்டையும் கொடுத்தவர்கள் உண்டு. சங்கம் செய்யக்கூடியது, விற்கும் பேச்சு எழும்போதே எல்லாப் பங்காளிகளுக்கும் சேதி சேர்ப்பது. அதற்கு முகவரிப் பட்டியல் வேண்டும்.

தை மாதப் பொதுக்குழு

கூட்டம் காணும் பொங்கல் அன்று காலையில். பொங்கலுக்கு வந்தவர்கள் கிளம்புவதற்குள், பழனிப் பாதயாத்திரைக்குக் காவடியோடு போகிறவர்கள் புறப்படுவதற்குள் நடந்துவிட வேண்டும். அந்த நாளை விட்டால் தெருவில் இத்தனை பேரைச் சேர்த்துப் பார்க்க முடியாது.

முக்கியமான வேலை விதித் திருத்தம். ஒவ்வொரு வீடும் எல்லாக் கிளைகளின் கையெழுத்தோடு ஒரு பிரதிநிதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும், வீட்டின் வாக்கு அவருக்கு. வெளிக்கதவின் ஒரு சாவியும், பழுதுக்கு மட்டுமான அதிகாரக் கடிதமும் சங்கத்தில் இருக்க வேண்டும். சாவியை எடுத்தால் பதிவேட்டில் இரண்டு செயற்குழு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, அன்றே படத்தோடு வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். விதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: 21 நாள் முன்னறிவிப்பு, வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. கடிதத்தில் பெண் பங்காளிகளின் கையெழுத்தும் கட்டாயம் என்று வரைவில் சேர்த்திருக்கிறோம். செயற்குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து இருந்தது, பொதுக்குழுவிலும் இருக்கும். இந்த வரி மட்டும் நீங்கக் கூடாது என்று நான் பேசப் போகிறேன்.

அடுத்தது, தெருவில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குச் செயற்குழுவில் இடம். வாடகைக்கு இருப்பவர்கள், வீடுகளைக் காவல் பார்க்கும் குடும்பங்கள், அரை வீட்டை விலைக்கு வாங்கிக் குடியிருப்பவர்கள் எல்லாரும் இந்தத் தெருவின் ஆட்கள்தான். வடிகால் அடைத்திருப்பதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். வெளியூரில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் படத்தில்தான் பார்க்கிறோம். உரிமையாளர் அல்லாதவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். வாக்கில்லாமல் இரண்டு இடமாவது கொடுத்துத் தொடங்குவது என்பது வரைவு. என்னைக் கேட்டால் வாக்கும் கொடுக்கலாம்.

பின்தெருச் சாலை புதுப்பிக்கும் பட்டியலில் இருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021லேயே மாநில அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பேரூராட்சிக்கு மனு தயாராகிறது. வெறும் மனுவாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வீட்டுப் பின்வாசல் கல்லிலிருந்து சாலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, படம் எடுத்துச் சேர்க்கிறோம். வடிகாலை ஊருணிவரை தூர் வாருவதற்கு மாநில அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு யோசனை. அதில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும், ஆகவே சந்தா பற்றிய பேச்சும் சேர்ந்தே வரும். புள்ளிக்கு இவ்வளவு என்று வைத்தால் பங்காளிகள் அதிகமுள்ள வீட்டுக்குச் சுமை. முகப்பின் அகலத்துக்கு ஏற்ப வைக்கலாம் என்கிறார்கள் சிலர். இப்போதுபோல வீட்டுக்கு ஒரே தொகை, உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது அந்த வீட்டின் பொறுப்பு என்று இருப்பதே சண்டை இல்லாத வழி.

சினிமா படப்பிடிப்புக்கு வீடு கொடுப்பவர்கள் ஜெனரேட்டர் வண்டியைப் பின்தெரு வடிகால் பலகை மேல் நிறுத்தக் கூடாது என்ற தீர்மானமும், ஆண்டுக் கணக்கும், மூன்றாண்டு முடிந்த செயற்குழுவுக்குத் தேர்தலும் உண்டு. வீட்டு வரியை ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் முப்பது நாளில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதைப் பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு மறுபடி நினைவூட்டுகிறோம்.

அறிவிப்பும், பழுதுக்கு மட்டுமான அதிகாரக் கடிதத்தின் மாதிரியும் மார்கழி முதல் வாரத்தில் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லாப் பங்காளிகளுக்கும் போகும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இப்போதே அனுப்பத் தொடங்கிவிட்டோம். தார்ப்பாய் கட்டிய அறைக்குரிய இரண்டு குடும்பங்களையும் கூட்டத்துக்கு முன்பே நேரில் பார்க்க, தேவகோட்டை ஆச்சி தானே முன்வந்து எங்களோடு வருகிறார்.